கரிசல் வட்டாரத்து நாடக மேடையும் விநோத நிகழ்ச்சிகளும்

முன்னுரை

தமிழ் நாடக வரலாறு எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் நாடக ஆசிரியரையும், அச்சேறிய நூலையும், புகழ்பெற்ற தலைமை நடிகரையும் பற்றியே விரித்துரைத்துச் சென்றனர். மேடையில் அந்நூலுக்கு முன்னும் பின்னும் நடுவிலும் நிகழ்ந்த பாட்டு, ஆட்டம், நகைச்சுவை, வாதப் போர் முதலிய தனி நிகழ்ச்சிகளை அவர்கள் 'இடைச்செருகல்' என்றும் 'நாடகத்தின் சீர்கேடு' என்றும் ஒரு சொல்லில் ஒதுக்கினர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நாம் மேற்கொள்ளும் நிலப்பகுதி, கோவிற்பட்டியையும் எட்டையபுரத்தையும் விளாத்திகுளத்தையும் உள்ளிட்ட கரிசற் காடாகும். மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் பெருவழியில், எட்டையபுரத்திற்குத் தெற்கே உள்ளது எப்போதும்வென்றான் என்னும் ஊர். சோலைசாமி கோயிலால் இவ்வட்டாரத்தார் நன்கறிந்த ஊர் அது. அவ்வூரை நடுவாக வைத்து நோக்கின், தமிழ் மேடையின் தலையாய ஆசிரியர் பிறந்த ஊரும், தேசியப் பாடல்களால் மேடையை நிறைத்த கவிஞர் வாழ்ந்த ஊரும் தொலைவில் இல்லை என்பது புலனாகும். நூல் வழியாகவும் நூலுக்குப் புறம்பாகவும் நாடகம் வளர்ந்த இருவகை நிலைகளையும் ஒருங்கே காண்பதற்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது.

விநோதம் என்னும் சொல்

மேனாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'வாடவில்' என்னும் பெயரால் ஓர் அரங்கமுறை வளர்ந்தது. கதைத் தொடர்பு இன்றிப் பாடகர், ஆடுநர், நகைச்சுவையாளர், கழைக்கூத்தர், மாயவித்தைக்காரர் முதலியோர் ஒருவர்பின் ஒருவராக வந்து தத்தம் ஆற்றலைக் காட்டிச் செல்வது அதன் இயல்பு. இதனை நாம் 'விநோத நிகழ்ச்சி அரங்கு' எனக் குறிக்கலாம். இப்பெயரை நாம் புதிதாகப் படைக்கவில்லை. நம் முன்னோர் வகுத்த பாகுபாட்டிலேயே அது உள்ளது.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார் கூத்தினைச் சாந்திக் கூத்து, விநோதக் கூத்து என இரண்டாகப் பகுத்துக் காட்டுகின்றார். விநோதக் கூத்தின் வகைகளாக அவர் உரையில் காணப்படுவன குரவை, கலிநடம், குடக்கூத்து, கரணம், நோக்கு, தோற்பாவை என்பன. இவற்றோடு நகைச்சுவை பற்றிய விதூடகக் கூத்தினையும் கூட்டி ஏழு என்பாரும் உளர். இவற்றுள் கலிநடம் என்பது கழாய்க் கூத்து. நோக்கு என்பது பாரமும் நுண்மையும் மாயமும் பற்றியது. கழைமேல் ஆடுதல், பாரம் தாங்குதல், கண்கட்டு வித்தை, பாவையாட்டம், நகையூட்டல் ஆகிய இவை அனைத்தும் மேனாட்டு விநோத அரங்கின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றவையே. ஆயினும், ஒன்று மற்றொன்றிலிருந்து தோன்றியது என்று சொல்வது எம் கருத்தன்று. தனித்தனி ஆற்றல்களை வரிசைப்படுத்திக் காட்டும் கூத்துமுறை தமிழர்க்குப் புதியதன்று என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாடகக் குழுக்களின் பெயர்களிலும் இச்சொல் நின்று நிலவுகின்றது. கன்னையாவின் குழுவுக்கு ஸ்ரீ கிருஷ்ண விநோத சபா என்பது பெயர். நவாப் இராசமாணிக்கம் நடத்திய குழு தேவி பால விநோத சங்கீத சபா. காண்போர்க்கு விநோதம் அளித்தலைத் தம் கடனாக அக்காலத்தார் வெளிப்படையாகவே அறிவித்துக்கொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

மேடை உருவான வகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களும் மராத்தி நாடகக் குழுக்களும் தென்னாட்டிற்கு வந்தன. வரைந்த திரைகள், முகப்பு வளைவுடைய மேடை, ஆர்மோனியம், காட்சி மாற்றம் முதலியன அவற்றின் வாயிலாகத் தமிழ் மேடைக்கு வந்தன. தெருக்கூத்தில் கட்டியங்காரன் இயற்றிவந்த தொழிலைப் புதிய மேடையில் 'பபூன்' ஏற்றுக்கொண்டான். பெயர் ஆங்கிலம், தொழிலோ பழையது. அரசன் வருமுன் அவையை அமைதிப்படுத்துதல், கதையைக் காண்போரின் அன்றாட வாழ்வோடு இணைத்தல், பெரியோரை எள்ளுதற்குரிய உரிமையைப் பெற்றிருத்தல் ஆகிய மூன்றும் இருவர்க்கும் பொது.

இக்காலத்தில் நடிகர்களின் தகுதியைக் குறிக்க எழுந்த சொற்களும் நோக்கத்தக்கன. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன், டான்ஸ் என்பன அவை. இவை ஒரு குறிப்பிட்ட நாடகத்தின் பாத்திரப் பெயர்கள் அல்ல. எந்த நாடகத்திற்கும் பொருந்தும் தொழிற் பிரிவுகள். இன்று அரிச்சந்திரனாக நிற்பவர் நாளை கோவலனாக நிற்பார். இரண்டு நாளும் அவர் ராஜபார்ட்டே. இத்தொழிற் பிரிவே பின்னர் ஸ்பெஷல் நாடகம் தோன்றுவதற்கு அடிப்படையாயிற்று.

சங்கரதாசரும் நூலின் எல்லையும்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாச சுவாமிகள். இளமையில் உப்பு வணிக நிலையம் ஒன்றில் கணக்கராக இருந்து, தம் இருபத்து நான்காம் அகவையில் நாடகத் தொழிலுக்கு வந்தார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் நடித்துப் பின்னர் ஆசிரியரானார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலாக அவர் இயற்றிய நாடகங்களே தென்பாண்டி நாட்டு மேடையை ஆண்டன. 1922இல் புதுச்சேரியில் அவர் மறைந்தார்.

சுவாமிகள் நாடகத்தை நூலின் கட்டுக்குள் கொண்டுவந்தவர் என்பது அனைவரும் ஒப்பும் கருத்து. வளர்ந்த நடிகர்கள் தம் மனம்போனவாறு பாடியும் பேசியும் வந்ததைக் கண்டு வருந்தியே அவர் சிறுவர்களைக் கொண்டு குழு அமைத்தார் என்பர். 1918இல் மதுரையில் அவர் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் தி. க. சண்முகம் உடன்பிறந்தார் சிறுவராகச் சேர்ந்தனர். அக்குழுவில் மனனமும் ஒத்திகையும் ஒழுங்கும் கட்டாயமாயின.

எனினும் சுவாமிகளின் நூல்களை நுணுகி நோக்கின் வேறோர் உண்மையும் தெரிகின்றது. அவை பாடல் நிறைந்தவை. அப்பாடல்கள் தனித்தனியே எடுத்துப் பாடத்தக்க மெட்டுடையவை. வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும், வேடனுக்கும் வள்ளிக்கும் நிகழும் தருக்கம், நடிகர் தம் புலமையால் எத்துணையும் நீட்டிக்கொள்ளத்தக்க அமைப்பினது. ஆகவே, ஒழுங்கை விரும்பிய ஆசிரியரின் நூலே தனி நிகழ்ச்சிகளுக்கு இடந்தரும் கூடாகவும் அமைந்துவிட்டது. கதை அனைவர்க்கும் தெரியும். பாடல்கள் நடிகர் அனைவர்க்கும் மனப்பாடம். தருக்கம் அவரவர் திறமைக்கு விடப்பட்டது. ஒருவரையொருவர் முன்பின் காணாத நடிகர்கள் ஒரே இரவில் ஒரு நாடகத்தை நடத்த இவை போதுமல்லவா? அவ்வாறு நடந்ததே ஸ்பெஷல் நாடகம்.

ஸ்பெஷல் நாடகத்தின் இரவு

ஸ்பெஷல் நாடகம் என்பது நிலையான குழு நடத்துவதன்று. ராஜபார்ட் ஓர் ஊரினர். ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரினர். பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு ஆகியோரும் தனித்தனியே அச்சாரம் பெற்று வருவோர். ஒத்திகை இல்லை; இயக்குநர் இல்லை. நாடக நாளும் ஊரும் நடிகர் பெயரும் உருவப்படமும் தாங்கிய நோட்டீசே அவர்களை ஒன்று சேர்க்கும் ஒப்பந்தம் போன்றது. இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும் வரை நாடகம் நிகழும்.

இதன் காலமும் கரிசல் வாழ்வோடு இயைந்தது. வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசியை ஒட்டி விதைக்கும் மானாவாரி நிலம் இது. கம்பும் சோளமும் தையை ஒட்டிக் களம் சேரும். பருத்தி அதன்பின் வெடிக்கும். கையில் காசும் வயலில் ஓய்வும் வாய்க்கும் பங்குனி முதல் ஆடி வரையுள்ள மாதங்களிலேயே அம்மன் கோயில்களிலும் காவல் தெய்வக் கோயில்களிலும் கொடை நிகழும். அவ்விழாக்களில் தெய்வத்திற்கு நேர்ந்துகொண்ட காணிக்கையாகவும் ஊரார்க்கு விருந்தாகவும் நாடகம் ஒருங்கே விளங்கியது. சமீன் கோடாங்கிபட்டி போன்ற ஊர்களில் தேவராட்டமும், பிற ஊர்களில் ஒயிலும் கும்மியும் கரகமும் வில்லுப்பாட்டும் பயின்ற வட்டாரம் இது. ஓரிரவில் பல்வகை ஆற்றல்களைக் காணும் சுவை இம்மக்களுக்கு முன்னரே பழகியிருந்தது.

நாடக இரவின் முற்பகுதி முழுவதும் விநோத நிகழ்ச்சிகளுக்கே உரியது. முதலில் ஆர்மோனியக்காரர் தெய்வ வணக்கம் பாடுவார். அடுத்துப் பபூன் தனியே தோன்றிப் பாடியும் பேசியும் அவையைத் தன்வயப்படுத்துவான். அதன்பின் டான்ஸ் என்னும் ஆடற்பெண் வருவாள். வழியில் எதிர்ப்பட்ட ஆணும் பெண்ணும் மோதிக்கொண்டு, பூசலிட்டு, போட்டியிட்டு, இறுதியில் காதல் கொள்வதாக இருவர் காட்சி விரியும். இவற்றுள் ஒன்றேனும் அன்றைய கதையைச் சார்ந்ததன்று. நள்ளிரவை நெருங்கும்போதே ராஜபார்ட் மேடை ஏறுவார். கதை அப்போதே தொடங்கும்.

இம்முறையைக் காரணமற்றது எனத் தள்ளுதல் கூடாது. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வண்டியிலும் நடந்தும் வருவோர் வந்து சேரும் வரை கதையைத் தொடங்குதல் இயலாது. மேலும், முன்பின் அறியாத இசைக்கலைஞரும் நடிகரும் ஒருவர் சுருதியையும் நடையையும் ஒருவர் அறிந்துகொள்வதற்கு இம்முற்பகுதியே ஒத்திகையாயிற்று. மிருதங்கக்காரர் பபூனின் சொல்லுக்கு எங்கே தட்ட வேண்டும் என்பதைச் சிறிது நேரத்திலேயே உணர்ந்துகொள்வார். காண்போர் முன்னிலையிலேயே ஒத்திகை நிகழ்ந்தது என்று கூறினும் பொருந்தும்.

விநோதப் பாட்டும் விடுதலை வேட்கையும்

தனி நிகழ்ச்சிகள் வெறும் பொழுதுபோக்கு என்பாரை மறுப்பதற்கு விடுதலைப் போராட்டக் காலத்து மேடையே சிறந்த சான்று. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை ஆட்சியாளருக்கு அளித்தது. அதிகாரிகள் தடைசெய்யத் தேடியது நூலை. நூலோ வள்ளி திருமணமாக இருந்தது. முருகப் பெருமானின் திருமணத்தை எங்ஙனம் தடைசெய்வது?

சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாத தாசு, முருகன் வேடத்தில் நின்று வெள்ளை ஆட்சியைச் சாடும் பாடல்களைப் பாடினார். தினைப்புனத்தில் பறவை ஓட்டும் இடத்தில் வெள்ளைக் கொக்கினை விளித்துப் பாடியபோது, அக்கொக்கு யார் என்பதைக் காண்போர் உணர்ந்து ஆர்ப்பரித்தனர். அவர் பலமுறை சிறை சென்றார். அவர் பிறந்த குலத்தைக் காரணமாகக் காட்டி அவருடன் நடிக்க மறுத்தோரும் இருந்தனர். எனினும் அவர் மேடையை விட்டு விலகவில்லை. 1940 திசம்பர் 31 அன்று சென்னையில் முருகனாக மேடையில் வீற்றிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

அவர் பாடிய பாடல்கள் பலவற்றை இயற்றியவர் மதுரகவி பாசுகரதாசர் (1892–1952). அவர் விளாத்திகுளத்தை அடுத்த நாகலாபுரத்தில் வாழ்ந்தவர். அவர் எழுதிவைத்த நாட்குறிப்புகளை, அவர் மகள்வழிப் பேரரும் கோவிற்பட்டி நாடகக் கலைஞருமாகிய ச. முருகபூபதி தொகுக்க, 2009இல் நூலாக வெளிவந்தன. ஒரு பாடலாசிரியரின் அன்றாடத் தொழில் எவ்வாறு நடந்தது என்பதை அறிய இத்தகைய சான்று தமிழ் நாடக வரலாற்றில் வேறு பல இல்லை.

ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டுவது அமைப்புமுறையை. பாடல் கதையினின்று கழற்றத்தக்கதாக இருந்தமையால், நேற்றைய நிகழ்ச்சி இன்றைய பாட்டாயிற்று. ஒரு பாடலைத் தடைசெய்தால் அவ்விடத்தில் மற்றொன்றைப் பாட இயன்றது. நாடகம் நில்லாமல் நடந்தது. நூலின் கட்டுக்குள் முற்றும் அடங்கிய நாடகத்தில் இது நிகழ்ந்திருக்க இயலாது. எந்தத் தளர்ச்சியைச் சீர்கேடு என்றனரோ, அத்தளர்ச்சியே நாட்டு விடுதலைச் செய்தி நுழைந்த வாயில். சு. தியடோர் பாசுகரன் 1981இல் வெளியிட்ட ஆய்வு நூல் நாடக நடிகர்களின் இத்தொண்டினை முதன்மையாக எடுத்துக்காட்டியது.

திரைப்படத்திற்குள்ளும் இவ்வமைப்பு புகுந்தது. ஊமைப்படக் காலத்தில் படச்சுருள் மாற்றும் இடைவெளியில் ஆடலும் மற்போரும் காட்டிக் கூட்டத்தை இருத்தினர். 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியான 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும் படத்தோடு, டி. பி. இராசலட்சுமி ஆடிய குறத்தி நடனமும் தேசியப் பாடலும் காட்டப்பெற்றன. காளிதாசன் கதைக்கும் காந்தியடிகளின் இராட்டினத்திற்கும் தொடர்பு என்ன என்று அக்காலத்தார் வினவவில்லை. மேடையில் கண்டு பழகிய முறையையே திரையிலும் கண்டனர். அப்பாடல்களை இயற்றியவரும் பாசுகரதாசரே.

மேனாட்டு அரங்கோடு ஒப்பீடு

நியூயார்க்கில் தோனி பாசுடர் 1881இல் குடும்பத்தார் அனைவரும் காணத்தக்க விநோத அரங்கினை நடத்தத் தொடங்கினார். பாசுடன் நகரில் கீத் என்பார் 1883 முதல் அத்தொழிலைப் பெருக்கினார். நாளடைவில் நாடு முழுவதும் அரங்குகள் சங்கிலிபோல் இணைக்கப்பட்டுக் கலைஞர்கள் ஒப்பந்தத்தின்பேரில் ஊர் ஊராகச் சென்றனர். அங்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் அதனை நிகழ்த்துவோரின் தனிச் சொத்து. முதல் நிகழ்ச்சியாகப் பேச்சில்லாத கழைக்கூத்தையோ விலங்கு வித்தையையோ வைப்பது வழக்கம். தாமதித்து வருவோரால் பேச்சு கெடாது என்பது காரணம். தலைமைக் கலைஞர் இறுதிக்கு முந்திய இடத்தில் வருவார். காண்போர் வந்து அமரும் காலத்தைக் கணக்கிட்டு நிரல் அமைத்தலில் நியூயார்க் அரங்கும் கரிசற்காட்டு மேடையும் ஒத்த அறிவுடையன.

வேற்றுமைகளும் உள. அங்குக் கதையென ஒன்றில்லை. இங்கு விநோத நிகழ்ச்சிகள் கதை என்னும் கொழுகொம்பைப் பற்றி நின்றன. அங்கு நுழைவுச் சீட்டே வருவாய். இங்கு ஊர் வரியும் நேர்ச்சியும். இவ்விரண்டாம் வேற்றுமையே இரண்டன் ஊழையும் வகுத்தது என்பது எம் துணிபு. பேசும் படம் வந்ததும், சீட்டு வாங்கியோர் மலிவான காட்சியை நாடினர். 1913இல் திறக்கப்பட்டு விநோத அரங்குகளின் தலைமையிடமாக விளங்கிய நியூயார்க் பாலசு அரங்கு 1932இல் படக்கொட்டகையாக மாறியது. தமிழகத்திலும் சீட்டு வருவாயை நம்பிய நாடகக் கொட்டகைகள் பல அவ்வாறே படக்கொட்டகைகளாயின. ஆனால் கோயிற் கொடையைச் சார்ந்த ஸ்பெஷல் நாடகம் அழியவில்லை. தெய்வத்திற்கு நேர்ந்தது நாடகம்; அதனிடத்தில் படத்தை வைத்து நேர்ச்சியைக் கழிக்க அனைவர்க்கும் மனம் ஒப்பவில்லை. கலையின் உயர்வு தாழ்வு மட்டும் கலையின் ஆயுளை வரையறுப்பதில்லை. பொருள் தருவோர் யார், எதன்பொருட்டுத் தருகின்றனர் என்பதும் வரையறுக்கின்றது.

வரலாற்றில் விடுபட்டோர்

இனி, ஒதுக்கப்பட்ட நிகழ்ச்சிகளோடு ஒதுக்கப்பட்டோர் யாவர் என்பதை நோக்குவோம். செங்கோட்டை கிட்டப்பாவும் (1906–1933) கொடுமுடி சுந்தராம்பாளும் (1908–1980) வரலாற்றில் இடம்பெற்றனர். இசைத்தட்டும் திரைப்படமும் அவர்களைக் காத்தன. பபூன்களும் ஆடற்பெண்களும் ஆர்மோனியக்காரரும் அவ்வாறு இடம்பெறவில்லை. அவர்கள் படைத்தவை ஏட்டில் ஏறாதவை. ஏட்டை மட்டும் சான்றாகக் கொள்ளும் வரலாறு அவர்களைக் காணும் வழியில்லை.

அவருள்ளும் ஆடற்பெண்ணின் நிலை இரங்கத்தக்கது. அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர், மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞரோடு பழகி ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகக் காட்டியுள்ளார். பலர் காணப் பொதுவிடத்தில் நிற்கும் பெண் என்னும் பழியை நடிகையர் சுமந்தனர். அப்பழிக்கு அஞ்சி, தொழிலுக்குச் செல்லும் வழியிலும் தம்மை மறைத்துக்கொண்டு சென்றனர். வழியில் தனியே வந்த பெண் ஆடவனோடு மோதும் அந்த இருவர் காட்சி, அவர்தம் வாழ்வின் இடர்ப்பாட்டையே நகைச்சுவையாக்கிக் காட்டுகின்றது. அக்காட்சியை இழிந்த சுவை என்று ஒதுக்கிய நாம், அதனுள் அடங்கிய வாழ்க்கைச் செய்தியையும் உடன் இழந்தோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தனி நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தும் முறை தமிழ்க் கூத்து மரபுக்கு உரியது என்பதும், சங்கரதாசரின் நூல்களே அதற்கு இடந்தந்தன என்பதும், ஸ்பெஷல் நாடகத்தின் முற்பகுதி காரணத்தோடு அமைந்தது என்பதும், விடுதலைப் பாடல்கள் அத்தளர்ந்த அமைப்பின் வழியாகவே மக்களை அடைந்தன என்பதும், கோயிற் கொடையின் சார்பால் அது திரைப்படத்தின் தாக்குதலைக் கடந்து வாழ்ந்தது என்பதும் பெறப்படும்.

எனவே தமிழ் நாடக வரலாற்றாசிரியர் நூலை ஆராய்வதோடு இரவையும் ஆராய்தல் வேண்டும். பழைய நோட்டீசுகள், நடிகர் சங்கப் பதிவுகள், கோயிற் கொடைக் கணக்குகள், கலைஞர் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பாட்டுக் குறிப்பேடுகள் ஆகியவை இவ்வாராய்ச்சிக்குரிய மூலங்கள். அவை தாளால் ஆனவை. கரையானுக்கும் பழந்தாள் வணிகர்க்கும் இரையாகி வருவன. கரிசல் ஊர்களில் இவற்றைத் தேடித் தொகுக்கும் பணியைப் பட்ட மேற்படிப்பு மாணவர் மேற்கொள்வாராயின், ஒவ்வொரு நோட்டீசும் நடிகர் எழுவர் எண்மரின் பெயரை நமக்கு மீட்டுத் தரும். அப்பெயர்களுள் ராஜபார்ட்டின் பெயரோடு பபூன் பெயரும், ஸ்திரீபார்ட்டின் பெயரோடு டான்ஸ் ஆடியவள் பெயரும் நிற்கும். அவற்றை நிரல்பட எழுதுவதே அவர்க்கு நாம் செலுத்தத்தக்க கடனாகும்.